பெர்மிட் காணிச் சட்டம்: ஒட்டுப் போடுவதா, ஒன்றாய்க் கட்டுவதா, புதிதாய் எழுதுவதா?

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு குடும்பத்திடம் இரண்டு காணி இருந்தால் அநேகமாக இரண்டு சட்டமும் இருக்கும். விலைக்கு வாங்கிய உறுதிக்காணிக்குத் வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் அதன் 1911ஆம் ஆண்டுத் திருத்தங்களும். இரணைமடுவின் கீழோ முத்தையன்கட்டிலோ குடியேற்றத்தில் அரசு அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த பெர்மிட் காணிக்கு 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அந்தச் சட்டம் தேசவழமையைத் தன் காணிக்குள் விடாது. தகப்பன் தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளராக யாரையும் குறிக்காமல் இறந்தால், உறுதிக்காணி பிள்ளைகளுக்குள் பங்காகும். பெர்மிட் காணி, தாயும் இல்லாதவிடத்து, அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள உறவு வரிசைப்படி ஒருவருக்கே போகும். இதோடு 1947ஆம் ஆண்டின் அரச காணிச் சட்டம், 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டம், 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டம், காணியை நீண்டகாலம் ஆள்வதால் வரும் உரிமைக்கான 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் என்று அடுக்கு நீளும். இவற்றைச் சீராக்க மூன்று வழி உண்டு.

முதலாவது, இப்போது நடப்பது: தேவைப்படும்போது ஒட்டுப் போடுவது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தம் நல்ல எடுத்துக்காட்டு. பழைய மூன்றாம் அட்டவணையில் மகன்மார் முதலில், மகள்மார் பிறகு. அந்த ஆண் முன்னுரிமையை இத்திருத்தம் நீக்கியது. இவ்வழி விரைவானது, குறி தவறாது. ஆனால் ஒரு பின்னுரித்துக் கோவையைப் படிக்க 1935ஆம் ஆண்டு மூலத்தையும், மனைவி அல்லது கணவனின் உரிமையை மாற்றிய 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தையும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் பக்கத்தில் விரித்து வைக்க வேண்டும். பெர்மிட்காரர் இறந்த திகதியைப் பார்க்காமல் அட்டவணையைப் புரட்டினால் பிழையான பிள்ளையின் பெயர் கோவையில் ஏறிவிடும்.

மூன்றாவது வழியை முதலில் முடித்துவிடலாம்: எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதுச் சட்டம் எழுதுவது. இந்தியா 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தை நீக்கி, 2024 யூலை 1 முதல் பாரதிய நியாய சங்கிதாவைக் கொண்டுவந்தது. கொலைக்கு 302 என்றிருந்த பிரிவு 103 ஆனது. 420 போய் 318 வந்தது. குற்றவியல் சட்டத்தில் அதைப் பழகிக்கொள்ளலாம். காணியில் அப்படியல்ல. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பெர்மிட்டே பழைய சட்டத்தின் பெயரில்தான் அச்சாகியிருக்கிறது. இடம்பெயர்வில் மூலப்பத்திரமே தொலைந்தவர்கள் நிறைந்த மண்ணில், உரிமையின் உள்ளடக்கத்தையும் பெயரையும் ஒரே நாளில் மாற்றுவது ஆபத்து.

நாம் சரியென்று சொல்வது இரண்டாவது வழி: பொருளை மாற்றாமல், கலைந்து கிடப்பதை ஒரே சட்டமாகத் தொகுத்துப் பாராளுமன்றத்தில் மீள இயற்றுவது. இதன் பலனை ஒரு விதியில் காட்டலாம். பெர்மிட்காரர் இறந்தால், பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணிக்குள் இறங்கி ஆட்சி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பின்னுரித்து தவறும். போரால் ஊரே இடம்பெயர்ந்த 2008, 2009இல் வன்னியில் அது யாரால் முடிந்தது? அந்த இடப்பெயர்வை அரசு ஏற்றுக்கொண்டுதான் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை உரிமையைக் கோர முடியாமற் போனவருக்கு எதிராக அக்காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆனால் அது ஆட்சியுரிமைக்கான சட்டம். பெர்மிட் காணியின் ஆறு மாதத்தை அது தொடவில்லை. வெவ்வேறு புத்தகத்தில் கிடப்பதால் இந்த ஓட்டை கண்ணில் படுவதில்லை. அடுத்தடுத்த பக்கத்தில் வைத்தால் யாரும் தவறவிட முடியாது. தொகுப்பு இந்த ஓட்டையைத் தானாக அடைக்காது என்பதும் உண்மை. அதற்குத் தனித் திருத்தம் வேண்டும். தொகுப்பு முதலில், திருத்தம் அடுத்து. இரண்டையும் ஒரே மசோதாவில் கலந்தால் எது பழையது, எது புதியது என்றே தெரியாமற் போகும்.

தொகுப்பு மசோதா வந்தால் முதலில் தேட வேண்டியவை மூன்று. பழைய பிரிவுக்குப் புதிய பிரிவு எது என்ற அட்டவணை. பழைய சட்டத்தின் கீழ் வழங்கிய பெர்மிட்டும் அளிப்பும் பின்னுரித்துப் பதிவும் அப்படியே செல்லும் என்ற காப்பு வாசகம். மூன்றாவது, மொழி. 1935ஆம் ஆண்டு மூலத்துக்கு ஆங்கில வாசகமே மேலோங்கும்; பிந்திய திருத்தங்களில் முரண் வந்தால் சிங்களம் என்று கடைசிப் பிரிவு சொல்லும். மீள இயற்றும்போது முழுச் சட்டமும் அந்தப் பிரிவுக்குள் விழும். ஆகவே தமிழ் வாசகத்தை மசோதா நிலையிலேயே வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். 'அளிப்பு' (grant), 'உறுதி' (deed), 'உரித்து' (title) என்ற மூன்று சொல்லும் ஒன்றின் இடத்தில் ஒன்று விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் பாதிப் பிழை பிடிபடும்.

எந்த வழி வந்தாலும் மாறாத வேலை ஒன்று உண்டு. பின்னுரித்து நியமனம் பெர்மிட்காரர் உயிரோடிருக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டும். மரணத்துக்குப் பிந்திய பதிவு செல்லாது. பிரதேச செயலகக் காணிக்கிளையில் கையெழுத்து வைத்ததோடு நின்றுவிடாமல், காணிப் பதிவகத்தில் பதிந்த திகதி அதில் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பெர்மிட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோப்பிரதி எடுத்து வையுங்கள்.