எட்டு வருடமும் ஒரு சீறலும்: என் ரெகுலேற்றரோடு பட்ட பாடு

கல்முனையில் இருந்து, கடலில் சுழியோடுகிற தம்பி ஒருவன் போன கிழமை கோல் எடுத்தான். "அண்ணா, இந்த சீசன் முடியிறதுக்குள்ள சொந்தமா ஒரு ரெகுலேற்றர் எடுக்கப் போறன். நீங்க வச்சிருக்கிறதையே எடுக்கட்டா? அது நல்லம்தானே?" பத்து நிமிடம் கதைத்தும் எனக்கு ஓம் என்று சொல்லவும் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. அன்றைக்குத்தான் அதைத் திருத்தி முடித்து மேசையில் வைத்திருந்தேன். கையில் இன்னும் சிலிக்கோன் கிறீஸ் மணம் போகவில்லை. அவனுக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ரெகுலேற்றரில் இரண்டு பகுதி: சிலிண்டரில் பூட்டுகிற முதற்கட்டம் காற்றின் அழுத்தத்தை ஒரு இடை அளவுக்கு இறக்கும், வாயில் வைக்கிற இரண்டாம் கட்டம் அதை மூச்சுக்கேற்ற அளவில் கொடுக்கும். என்னுடையது பலன்ஸ்ட் டயஃப்ரம் வகை, அதாவது சிலிண்டரில் காற்றுக் குறைந்தாலும் மூச்சு இறுகாதது. சிலிண்டர் வாயைக் கவ்வித் திருகுகிற யோக் பூட்டு. இரண்டாம் கட்டத்தில் மூச்சின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, பக்கத்தில் ஒரு சிறு நெம்பு. 2017 புரட்டாதியில், பாசிக்குடாவில் சீசன் முடித்து ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரரிடம் வாங்கினேன். மற்ற விபரம் எல்லாம் சுழியோடுகிறவர்களுக்குத் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லி விடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடக் கூடாது. அடுத்த சித்திரையில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலுக்கு இதைக் கொண்டுபோனேன். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைத் தாழ்த்தின அதே நாளில் தாழ்ந்த எண்ணெய்க் கப்பல் அது. ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு நேரே 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, பொழுதுபோக்குச் சுழியோடிக்கு விதித்த 40 மீற்றர் எல்லையைத் தாண்டிய ஆழம். சார்ஜன்ட் 25 மீற்றர் அளவில்தான், எங்களைப் போன்றவர்கள் போகலாம். அந்த ஆழத்தில் சுற்று அழுத்தம் மேலே இருப்பதைப் போல் 3.5 மடங்கு. ஒவ்வொரு மூச்சிலும் அத்தனை மடங்கு காற்று சிலிண்டரில் இருந்து போகும், காற்றும் அவ்வளவுக்கு அடர்த்தி.

அதற்கு முதல் நான் வாடகைக்கு எடுத்தவை எல்லாம் பழைய சாதாரண பிஸ்டன் வகை. சிலிண்டரின் மிச்ச அழுத்தத்தைக் காட்டுகிற கேஜ் முள்ளு 50 பாருக்குக் கிட்ட வந்தால் தடித்த துணியை வாயில் வைத்து உறிஞ்சுகிற மாதிரி இருக்கும். இதில் அப்படி இல்லை. 200 பாரிலும் 50 பாரிலும் ஒரே மூச்சு. நீரோட்டத்துக்கு எதிராகக் காலடித்து மூச்சு வாங்கினபோதும் கேட்டதற்கு ஒரு இம்மி முந்தியே காற்று வந்து நின்றது. கப்பலின் இரும்பில் மொய்த்த மீன் கூட்டத்தை விட, நான் மூச்சு விடுகிறேன் என்பதே மறந்து போன அந்த அரை மணித்தியாலம்தான் எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்கிறது.

சீறல் தொடங்கியது இரண்டாவது சீசனில்.

அந்தச் சீறலைச் சரியாக விளங்கப்படுத்த வேண்டும், ஏனென்றால் இதை விளங்காமல்தான் ஐந்து வருடம் போனது. வாய்ப்பகுதியை மேலே பார்க்கப் போட்டதும் 'புஸ்' என்று கொட்டுவது வேறு. கவிழ்த்தால், அல்லது விரலால் பொத்தினால் நின்றுவிடும். அது நெம்பைச் சரியான பக்கம் வைக்காததால் வருவது, கோளாறு இல்லை. என்னுடையது அப்படி இல்லை. சிலிண்டரைத் திறந்ததும் சத்தமே இராது. வள்ளத்தில் எல்லோரும் உடுப்பு மாட்டி முடிய, நாலைந்து நிமிடம் கழித்து, ஊசி முனையால் ஊதுகிற மாதிரி மெல்ல 'ஸ்ஸ்ஸ்' என்று வரும். ஒரு மூச்சு இழுத்தால் நின்றுவிடும். திரும்ப நாலு நிமிடத்தில் தொடங்கும். ஒரு நாள் ஆட்கள் ஆயத்தமாகத் தாமதித்ததில் 200 பார், கடலில் குதிக்க முதலே 185 ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டே இருப்பது, வீட்டில் கேஸ் மணக்குது என்று தெரிந்துகொண்டே படுத்திருப்பதைப் போல.

மட்டக்களப்பில் இதைத் திறந்து பார்க்க ஆள் கிடையாது, கொழும்புக்குத்தான் அனுப்பினேன். மூன்று தரம். மூன்று தரமும் 'சேர்விஸ் முடிந்தது' என்ற துண்டோடு, சீறல் இல்லாமல் வந்தது. ஆனால் மூச்சு இறுகியிருந்தது. முதல் தரம் கொஞ்சம், இரண்டாம் தரம் அதிகம், மூன்றாம் தரம் கடலால் ஏறினால் பின்மண்டையில் வலி. இறுகின மூச்சு இழுத்தால் கரியமிலவாயு உடம்பில் தங்கும், தலை வலிக்கும். ஒரு சீசன் போக சீறலும் திரும்பி வரும். அவர்கள் செய்தது என்னவென்று இப்போது தெரியும்: இரண்டாம் கட்டத்துக்குள் காற்று வருகிற சிறு துளைக்குழாயை உள்ளுக்குத் திருகி விட்டார்கள். அப்போது ஸ்பிறிங் இன்னும் நெரிந்து வாசல் இறுகும், கசிவு நிற்கும். இழுக்கிறவனின் மூச்சும் அதோடு இறுகும். காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் நனைந்த துணியைப் போட்டுவிட்டு அனுப்பின கதை. காசு போனதை விட, வேலை செய்கிறவர் ஒரு பத்து நிமிடம் இடை அழுத்தம் பார்க்கிற கேஜைப் போட்டுவிட்டுக் காத்திருக்கவில்லையே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காரணத்தைச் சொன்னது கடலே காணாத ஒரு ஆள். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற என் மச்சான். அவன் சனி ஞாயிறில் பெயின்ற்போல் விளையாடுகிறவன், காற்றுத் துப்பாக்கியால் சாயக் குண்டு சுடுகிற விளையாட்டு. அந்தத் துப்பாக்கியைத்தான் மார்க்கர் என்பார்கள். வட்ஸ்அப்பில் நான் புலம்பினதைக் கேட்டுவிட்டு, "மச்சான், நாலு நிமிசம் விட்டா சீறுதா? ஒரு மூச்சில நிக்குதா? உன்ட ரெக் கிரீப் ஆகுது. எங்கட மார்க்கருக்கும் இதே வருத்தம்தான்" என்றான்.

அவர்களுடைய சிறிய காபன் நார்ச் சிலிண்டரில், பிஎஸ்ஐ என்கிற அழுத்த அளவில் 4500 வரைக்கும் காற்று அடைக்கலாம். அதன் கழுத்தில் உள்ள ரெகுலேற்றர் அதை 800 அளவுக்கு இறக்கி மார்க்கருக்குக் கொடுக்கும். உள்ளே காற்றை அடைக்கிற மென்மையான ஆசனம் தேய்ந்தால் அந்த 800, சும்மா வைத்திருக்கும்போதே மெல்ல ஏறும். அதுதான் கிரீப். அப்போது முதல் குண்டு மட்டும் வேகமாய்ப் போகும், பிறகு சுடச்சுடச் சரியாகிவிடும். மைதானத்தில் வினாடிக்கு 280 அல்லது 300 அடி என்று எல்லை வைத்து வேகமானியில் அளந்த பிறகுதான் உள்ளே விடுவார்களாம். இவனுடைய முதல் குண்டு எல்லையைத் தாண்டினதில் ஒரு நாள் வெளியே நிற்பாட்டி விட்டார்கள். அவனும் முதலில் மார்க்கரின் திருகைத்தான் குறைத்துக் குறைத்துப் பார்த்திருக்கிறான். பிழை இருந்தது சிலிண்டர்க் கழுத்தில்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் பொருந்தியது. அடுப்படிக் கேஸ், மார்க்கர், சுழியோடி எல்லா ரெகுலேற்றருக்கும் ஒரே வேலைதான்: பெரிய அழுத்தத்தைச் சிறிதாக்கி, அந்த இடத்திலேயே பிடித்து வைத்திருப்பது. 1943இல் பிரான்சில், பிறகு கடல் ஆய்வில் பேர்போன கூஸ்தோவுக்குச் சுழியோடி வால்வு செய்து கொடுத்த காக்னான்கூட, அதற்கு முதல் யுத்தகாலப் பெற்றோல் தட்டுப்பாட்டில் காரை கேஸில் ஓட்ட ஒரு ரெகுலேற்றர் செய்தவர்தான்.

முதற்கட்டத்தில் இருந்து வருகிற இடை அழுத்தத்தைப் பார்க்கிற கேஜ் ஒன்று வரவழைத்தேன். விலை ஒரு சேர்விஸ் காசில் பாதியும் இல்லை. மிதவை ஜக்கெற்றுக்குக் காற்றுக் கொடுக்கிற குழாயின் முனையில் மாட்டி சிலிண்டரைத் திறந்தேன். 9.6 பார், சரியான அளவு. பார்த்துக்கொண்டே இருந்தேன். 10. 10.5. ஐந்தாவது நிமிடம் 11.5ஐத் தொட்டதும் 'ஸ்ஸ்ஸ்'. இரண்டாம் கட்டம் பழுதே இல்லை. முதற்கட்டம் ஏற்றுகிற அழுத்தத்தை அது பாதுகாப்புக்காக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. குழாய் வெடிக்காமல் காத்த அந்த வாசலைத்தான் மூன்று தரம் இறுக்கியிருக்கிறார்கள்.

பிறகு, முறையாகப் பழுதுபார்க்கப் படித்த ஒரு நண்பரோடு முதற்கட்டத்தைத் திறந்தோம். மென்மையான ஆசனம் புதிது, ஆனாலும் அதில் வட்டத்தழும்பு ஒரு இடத்தில் ஆழமாய் இருந்தது. ஆசனம் போய் அமர்கிற பித்தளை விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், நகம் கீறின அளவில் ஒரு காயம். எப்போதோ யாரோ இரும்பு ஊசி விட்டுக் கிளறியிருக்க வேண்டும். அந்த விளிம்பு இருக்கும்வரைக்கும் எத்தனை ஆசனம் மாற்றினாலும் ஒரு சீசன்தான். என்னுடைய மொடலில் அந்தப் பகுதியைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். மச்சான் அங்கிருந்து வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான்.

மாற்றின பிறகு அலன் கீயால் இடை அழுத்தத்தை 9.5க்குக் கொண்டுவந்தோம். இந்த வரிசை முக்கியம்: முதலில் இடை அழுத்தம், அது அசையாமல் நின்ற பிறகுதான் இரண்டாம் கட்டத்தில் கை வைக்க வேண்டும். துளைக்குழாயை இருந்த இடத்துக்குத் திருப்பி எடுத்தோம். உள்ளே வாசலைத் திறக்கிற நெம்புகோலில் ஆட்டம் இல்லாமல் பார்த்தோம். பிறகு பேசினில் தண்ணீர் வைத்து, வாய்ப்பகுதி மேலே பார்க்க மெல்ல இறக்கினோம். இரண்டாம் கட்டத்தின் ரப்பர்த் தட்டு நீர்மட்டத்தில் இருந்து மூன்று சென்றிமீற்றர் தாழ்ந்ததும் காற்று வந்தது. அவ்வளவுதான் வேண்டும். அதை விட இளக்கினால் கடலில் தானாகக் கொட்டும், இறுக்கினால் பழைய தலைவலி.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2020, 2021 முழுக்கக் கொரோனா, 2022இல் வள்ளத்துக்கு எண்ணெய் இல்லை. அந்த மூன்று வருடமும் இது அலுமாரியில் கிடந்தது. கிடந்தால் ரப்பர் காயும், ஆசனத்தில் தழும்பு விழும். அதற்கு முதல் கல்லடியில் எங்கள் வீட்டுக் கிணற்று நீரில்தான் கழுவினேன், அது உவர். இப்போது உன்னிச்சைக் குழாய்த் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிடுகிறேன், முதற்கட்டத்தின் தூசு மூடியை இறுக்கிப் பூட்டி, காற்றைத் தள்ளிவிடுகிற முன்பொத்தானை அமத்தாமல். அமத்தினால் உப்புக் கரைந்த தண்ணீர் குழாய் வழியே முதற்கட்டம் வரைக்கும் போய்விடும்.

தம்பிக்கு என் பதில்: இதை வாங்காதே. மூச்சுக்கு இதைப் போல் ஒன்று நான் பிடித்ததில்லை, ஆனாலும் வாங்காதே. கல்முனையில் இருந்துகொண்டு வருடத்துக்கு இருபது தரம் இறங்கப்போகிறவனுக்கு, அசைகிற உறுப்புக் குறைந்த சாதாரண பிஸ்டன் போதும். திறந்து பூட்ட இலகு, கெட்டுப்போக இடமும் குறைவு. கடைசி 50 பாரில் மூச்சு கொஞ்சம் இறுகும், அந்த நேரம் நீ மேலே ஏறிக்கொண்டிருக்க வேண்டும். குளிர்நாட்டுக் கடலுக்கென்று மூடின முதற்கட்டத்துக்கு மேலதிகமாகக் காசு கேட்பார்கள். 28 பாகை நம் கடலில் உறையாது. முகத்துவாரத்துச் சேற்றைத் தடுக்கும் என்பது மட்டும் உண்மை. மிஞ்சின காசில் அந்தக் கேஜை வாங்கு.

என்னுடையதை விற்பாயா என்று இன்னொருவரும் கேட்டிருக்கிறார். விற்கமாட்டேன். நேற்று இரவு ஒரு மணித்தியாலம் கேஜோடு விட்டுப் பார்த்தேன், முள்ளு 9.5இல்தான் நின்றது. வருகிற ஞாயிறு சார்ஜன்டுக்கு வள்ளம் போகிறது. தம்பி, காசைக் கட்டுறதுக்கு முதல் ஒருக்கா கல்லடிக்கு வா, ரெண்டு வகையையும் பேசினுக்குள்ள போட்டுக் காட்டுறன்.