யுஎஸ்பி வைஃபை அடாப்டர்: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் வைஃபை சின்னம் இல்லை, அந்த இடத்தில் உலக உருண்டைப் படம். செட்டிங்ஸிலும் வைஃபை என்ற வரியைக் காணோம். கம்ப்யூட்டரில் உள்ள பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியை விரித்துப் பார்த்தால் ஈதர்நெட் மட்டும்தான் இருக்கிறது. அப்படித்தான் இந்த யுஎஸ்பி அடாப்டர் வீட்டுக்கு வந்தது.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள், பலருக்கு இது தேவையே இருக்காது. டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய் மறைந்திருக்கும் டிவைஸ்களைக் காட்டச் சொல்லுங்கள். பழைய அடாப்டர் மஞ்சள் முக்கோணத்தோடு வந்தாலோ, அதர் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழே நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று கிடந்தாலோ, பெரும்பாலும் டிரைவர் (பாகத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) கோளாறுதான், சரியான டிரைவரைப் போட்டால் போதும். எனக்கு மங்கலான சின்னமாக வந்தது, ப்ராப்பர்ட்டீஸில் கோட் 45. அதாவது விண்டோஸுக்கு உள்ளே இருக்கும் அந்தப் பழைய வைஃபை கார்டு ஞாபகம் இருக்கிறது, ஆனால் கார்டு இப்போது கண்ணில் படவில்லை. ஷட் டவுன் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். மறுபடி போட்டதும் வைஃபை வந்துவிட்டது! இரண்டே நாள், திரும்பவும் போய்விட்டது. கேபினட்டைத் திறந்து அந்தச் சின்ன வைஃபை கார்டின் (எம்.2 வகை) ஸ்க்ரூவைக் கழற்றி, எடுத்துத் திரும்பச் செருகியும் பார்த்தேன், பலனில்லை. அப்புறம்தான் வாங்கினேன்.

சரி, அடாப்டருக்கு வருவோம். செருகியதும் வைஃபை வரவில்லை, புதிதாக ஒரு சிடி டிரைவ்தான் தோன்றியது. கெட்டுப்போன பொருள் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். டிரைவரைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு முதலில் சிடி போலக் காட்டிக்கொள்கிற வகை இது. செட்டப்பை ஓடவிட்டு, அந்த டிரைவை எஜெக்ட் செய்ததும் நீல விளக்கு மினுக்கென்று எரிந்து நெட்வொர்க் அடாப்டராக மாறிவிட்டது. இணையமே இல்லாத கம்ப்யூட்டருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். டிரைவர் உள்ளே இல்லாத மாடல் என்றால் போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தை கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குத் தரும் வசதி) போட்டு இறக்கிக்கொள்ளலாம்.

வேகத்தில் குறை சொல்ல மாட்டேன், பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட எண் அது, ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணைய முடியும். யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் உச்சவரம்பே 480 எம்பிபிஎஸ், கையில் கிடைப்பது அதைவிட நன்றாகவே குறைவு. யுஎஸ்பி 3.0 போர்ட்டில் வேறொரு தொல்லை: பக்கத்துப் போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தடுமாறியது, ஏனென்றால் யுஎஸ்பி 3.0 கிளப்பும் மின் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு அடாப்டரைத் தள்ளி வைத்தேன், 5 கிகாஹெர்ட்ஸுக்கும் மாறினேன், அதோடு தீர்ந்தது.

உண்மையிலேயே என்னைக் கடுப்பேற்றியது ஸ்லீப் பிரச்சினைதான். கம்ப்யூட்டர் தூங்கி எழுந்தால் இந்த அடாப்டரும் காணாமல் போகும், பிடுங்கிச் செருகினால்தான் வரும். வாங்கின காரணமே அதுவாயிற்றே! டிவைஸ் மேனேஜரில் இந்த அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரத்தைச் சேமிக்க இந்த டிவைஸை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்ததும் சரியாகிவிட்டது. இதை அந்தக் கையேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ரவுட்டர் அடுத்த அறையில் இருக்கிறது என்றால் நகம் அளவுக்கு இருக்கும் குட்டி மாடலை எடுக்காதீர்கள், வெளியே ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் இந்த மாதிரியே வாங்குங்கள்.