வியர்வைக்கு ஒரு நூல், அலமாரிக்கு ஒரு நூல்

ஒரே லினன் நூற்கண்டில் இரண்டு தோல் பொருள்கள் தைத்தேன். ஒன்று கைக்கடிகார வார், இன்னொன்று குறிப்பேட்டு உறை. தினமும் கட்டிய வார், ஓராண்டு முடிவதற்குள் கொக்கிப் பக்கம் நூல் கருத்து, நைந்து, தொட்டால் பிரியும் நிலைக்கு வந்துவிட்டது. உறையோ ஐந்தாவது ஆண்டாக மேசையில் கிடக்கிறது. ஒரு தையல்கூடத் தளரவில்லை. தோலைக் கையால் தைக்க எது நல்ல நூல் என்று யாராவது கேட்டால், அந்தப் பொருள் எங்கே வாழப்போகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. இங்கே காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 வாக்கில் இறங்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு அலமாரியில் தோல் செருப்பை இரண்டு மாதம் மறந்து வைத்தவர்களுக்குப் பூஞ்சணம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

லினன், ஆளிச்செடியின் நாரிலிருந்து வருவது. தையல் துளைக்குள் அது உட்காரும் அழகு வேறெந்த நூலுக்கும் இல்லை. தேன்மெழுகு தடவி இழுத்தால் தோலைக் கவ்விக்கொள்ளும், நழுவாது. முறுக்கு நூல் என்பதால் ஒவ்வொரு தையலும் உருண்டு, மணி கோத்ததுபோல் தெரியும். பிரான்சின் ஃபில் ஓ ஷினுவா நூலைப் பலர் தேடி வாங்குவது இதற்காகத்தான். நனைந்தால் லினன் பலம் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் ஈரத்தில் அதன் இழுவிசைத் திறன் கூடவே செய்யும். கெடுதல் வருவது, ஈரம் காயாமல் நாள்கணக்கில் தங்கும்போது. தாவர நார் பூஞ்சணத்துக்கு உணவு. வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் என் வாருக்கு நேர்ந்ததுதான் நேரும்.

பாலியெஸ்டர் ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. தன் எடையில் அரை விழுக்காடுகூட வராது. பூஞ்சணம் அதைத் தின்னாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஆகவே கடிகார வார், பையின் தோள்வார், செருப்பு, நாய்க்கழுத்துப் பட்டை எல்லாவற்றுக்கும் என் தேர்வு இதுதான். இதிலும் இரண்டு வகை உண்டு. ஜெர்மனியின் ரிட்ஸா 25 பின்னல் நூல், மெழுகிட்டுத் தட்டையாக வரும். பையின் கனமான விளிம்புக்கு அது கம்பீரம்; மெல்லிய பர்ஸில் பருமனாகத் துருத்தும். பர்ஸுக்கு உருண்டையாக முறுக்கிய செராஃபில் போன்ற இழை நூல் பொருந்தும். முடிக்கும் இடத்தில் லைட்டரால் லேசாகச் சுட்டால் நுனி உருகி அடைத்துக்கொள்ளும். லினனில் அது நடக்காது. இரண்டு மூன்று தையல் திரும்பத் தைத்து, தோலை ஒட்டினாற்போல் நூலை வெட்ட வேண்டும். தொடக்கத்தில் இது தொல்லையாகத் தெரியும். பழகியபின், கருகிய முடிச்சு இல்லாத அந்த விளிம்புக்காகவே லினனை எடுப்பீர்கள்.

நைலான் பலமானது, ஆனால் இழுபடும். இறுக்கித் தைத்தது பின்னர் தளர்வதை நான் பொறுக்க மாட்டேன். நெடுநாள் வெயிலும் அதற்கு ஆகாது. பருத்தி வேண்டாம். தேக்கா சந்தையில் சட்டை தைக்க வாங்கும் நூலும் வேண்டாம்; தோல் துளையின் விளிம்பே அதை அறுத்துவிடும்.

வாங்கும்போது எண்கள் குழப்பும். ரிட்ஸாவில் 0.6, 0.8, 1.0 என்பது மில்லிமீட்டர். ஃபில் ஓ ஷினுவாவில் 332, 432, 532, 632, 832 என்று எண் ஏற ஏற நூல் மெலியும். டெக்ஸ் என்பதோ ஆயிரம் மீட்டர் நூலின் எடை கிராமில். அங்கே எண் ஏறினால் பருமனும் ஏறும். நூலின் பெயரைவிடப் பருமன்தான் தையலின் முகத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். துளைகளுக்கிடையே 3 மில்லிமீட்டர் என்றால் 0.45 மில்லிமீட்டர் நூல் போதும். 4 மில்லிமீட்டருக்கு 0.6 எடுக்கலாம். இதற்கு மேல் போனால் தையல்கள் ஒன்றையொன்று நெருக்கும்.

இரண்டு ஊசி கோத்து இருபுறமும் தைக்கும் சேணத் தையலுக்கு, தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் வெட்டுங்கள். தோல் தடிமன் என்றால் இன்னும் ஒரு மடங்கு. அதற்குமுன், அதே தோலின் துண்டு ஒன்றில் லினன், பாலியெஸ்டர் இரு நூலாலும் பத்துப் பத்துத் தையல் போட்டு, நனைத்து, காயவிட்டு, அடுத்த நாள் விரலால் தடவிப் பாருங்கள்.