யாருடைய பட்டியல் என்று பாருங்கள்: கால் மேனேஜரின் மீடியா ரிசோர்ஸ்களோடு சில ஆண்டுகள்

கஞ்சிக்கோட்டில் தலைமை அலுவலகம், கொழிஞ்சாம்பாறையிலும் பொள்ளாச்சியிலும் கிளைகள், மூணாற்றில் தோட்ட அலுவலகம் என்று பரந்திருக்கும் எங்கள் நிறுவனத்தின் தொலைபேசிகள் அனைத்தும் சிஸ்கோவின் கால் மேனேஜர் என்ற ஒரே மென்பொருளின் கீழ் இயங்குகின்றன. சில ஆண்டுகளாக அதைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், அதில் மிகுதியாக நேரத்தை விழுங்கும் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். பலரின் குரல்களைக் கலக்கும் கான்ஃபரன்ஸ் பிரிட்ஜ், ஒரு குரல் வடிவத்தை மற்றொன்றாக மாற்றும் டிரான்ஸ்கோடர், ஹோல்டில் ஒலிக்கும் இசையைத் தரும் எம்ஓஎச் சர்வர், இரு பக்கமும் நேரே பொருந்தாதபோது இடையில் நிற்கும் எம்டிபி ஆகியவற்றைச் சேர்த்து மீடியா ரிசோர்ஸ் என்கிறார்கள். சாதாரணமாக இருவர் பேசும்போது இவை எதுவும் தேவைப்படாது. குரல் ஒரு போனிலிருந்து மற்றொரு போனுக்கு நேரே போய்விடும். பெரும்பாலும் மூன்றாமவரைச் சேர்க்கும்போதும், ஒருவரைக் காத்திருக்கச் சொல்லும்போதும்தான் இவை தேவைப்படும், பழுதும் அப்போதுதான் தெரியவரும்.

வரும் புகார்கள் எல்லாம் லைன் பழுதைப் போலவே ஒலிக்கும். கொழிஞ்சாம்பாறை வரவேற்பில் இருப்பவர் ஒருமுறை, "சார், ஹோல்டுல போட்டா பாட்டே வர்றதில்லைங்களாம், பீப் பீப்னு சத்தம் மட்டுந்தான் கேக்குதுன்னு கஸ்டமர் சொல்றாங்க" என்றார். அந்த பீப் ஒலி ஒரு நல்ல துப்பு. இசை தரும் சர்வர் எதுவும் அந்த அழைப்புக்குக் கிடைக்காதபோது கால் மேனேஜர் இசைக்குப் பதிலாக அந்த ஒலியை அனுப்புகிறது. ஆகவே கேபிளையும் ரவுட்டரையும் தொடுவதற்கு முன், அந்த அழைப்பு எந்தப் பட்டியலில் தேடியது என்று பார்ப்பதே முறை.

ரிசோர்ஸ்கள் குரூப்களாகத் தொகுக்கப்படுகின்றன. குரூப்கள் வரிசைப்படி ஒரு லிஸ்ட்டில் அடுக்கப்படுகின்றன. போனுக்கென்று தனி லிஸ்ட் இருந்தால் அது முந்தும், இல்லையென்றால் அதன் டிவைஸ் பூலின் (ஒரே அமைப்புகளைப் பகிரும் போன்களின் தொகுப்பின்) லிஸ்ட் பயன்படும். எந்தக் குரூப்பிலும் சேர்க்கப்படாத ரிசோர்ஸ்கள் ஒரு பொதுக் குவியலில் கிடக்கும், எல்லோரும் அங்கே கடைசியாக வந்து தேடுவார்கள். எங்களுக்கு இதை நிறுவிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் அந்தப் பொதுக் குவியலிலேயே விட்டிருந்தார். ஒரே கட்டடம் மட்டும் என்றால் அது போதும். கிளைகள் வந்தபின் மூணாற்றுக்காரர்களின் கான்ஃபரன்ஸ் எந்தச் சர்வரில் கலக்கப்படும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாமல் போகிறது. எதையும் பொதுவில் விடாமல் எல்லாவற்றையும் குரூப்பில் சேர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யாருடைய லிஸ்ட் என்ற கேள்விக்கு விடை ஒவ்வொரு வசதிக்கும் வேறுபடும். கான்ஃபரன்ஸில் அதைத் தொடங்குபவரின் லிஸ்ட்தான் கணக்கு. கஞ்சிக்கோட்டுக்காரர் மூணாற்றையும் பொள்ளாச்சியையும் சேர்த்தால் சேர்ந்தது. அதே மூவருக்கும் மூணாற்றுக்காரர் கான்ஃபரன்ஸ் தொடங்க முயன்றால் முடியவில்லை. வெகுநாள் இதை மழைக்காலத்து லைன் கோளாறு என்றே அங்கே நம்பினார்கள். உண்மையில், மூணாற்றுக்கான இணைப்பின் கொள்ளளவு குறைவு என்பதால் அங்கே குரலை மிகவும் சுருக்கி அனுப்பும் ஜி.729 கோடெக் (குரலை எண்ணியல் வடிவாக்கும் முறை) அமைக்கப்பட்டிருந்தது. வழக்கமான ஜி.711 கோடெக் ஒரு அழைப்புக்கு ஐபி தலைப்புகளையும் சேர்த்து நொடிக்கு 80 கிலோபிட் கேட்கும், ஜி.729-க்கு 24 போதும். ஆனால் சர்வருக்குள்ளேயே ஓடும் மென்பொருள் பிரிட்ஜுக்கு ஜி.729 தெரியாது. மூணாற்றின் லிஸ்ட்டில் அந்த ஒரு பிரிட்ஜ் மட்டுமே இருந்தது, டிரான்ஸ்கோடரும் இல்லை. கஞ்சிக்கோட்டு ரவுட்டரில் குரலைக் கையாளும் டிஎஸ்பி சிப்புகளில் இயங்கும் வன்பொருள் பிரிட்ஜ் இரண்டு கோடெக்கையும் கலக்கும். அதை மூணாற்று லிஸ்ட்டில் முதலாவதாக வைத்ததும் சரியாயிற்று.

அந்த வன்பொருள் பிரிட்ஜைப் பதிவு செய்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரவுட்டரில் கொடுக்கும் பெயரும் கால் மேனேஜரில் கொடுக்கும் பெயரும், ஆங்கிலப் பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட, ஒன்றாக இருக்க வேண்டும். ரவுட்டரில் அந்தப் பிரிட்ஜின் அமைப்புகளைக் கொண்ட புரொஃபைலில் எதையாவது மாற்ற வேண்டுமானால் முதலில் அதை ஷட்டவுன் செய்து, மாற்றியபின் மீண்டும் இயக்க வேண்டும். ரவுட்டரில் 'ஷோ எஸ்சிசிபி' கட்டளை பிரிட்ஜ் பதிவாகியிருக்கிறதா என்பதையும், 'ஷோ எஸ்சிசிபி கனெக்ஷன்ஸ்' அந்த நொடியில் யார் எந்தக் கோடெக்கில் இணைந்திருக்கிறார்கள் என்பதையும் காட்டிவிடும். ரிசோர்ஸ் தீர்ந்து போய் மறுக்கப்பட்ட அழைப்புகளை கண்காணிப்புக் கருவியான ஆர்டிஎம்டியின் அவுட்-ஆஃப்-ரிசோர்சஸ் எண்ணிகளில் பார்க்கலாம்.

ஹோல்டு இசையில் குழப்பம் இரட்டிப்பு. எந்த ஒலியை ஒலிக்க வேண்டும் என்பதை ஹோல்டில் போடுபவரின் போன் தீர்மானிக்கிறது. எந்தச் சர்வரிலிருந்து என்பதைக் காத்திருப்பவரின் பக்கத்து லிஸ்ட் தீர்மானிக்கிறது. வெளியிலிருந்து அழைத்த வாடிக்கையாளர் என்றால் வெளி லைன்களை இணைக்கும் கேட்வேயின் லிஸ்ட் அது. கொழிஞ்சாம்பாறை பீப் ஒலிக்குக் காரணமும் அங்கேதான் இருந்தது: போனின் லிஸ்ட்டைச் சரிசெய்தவர்கள் கேட்வேக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கேரள-தமிழ்நாடு எல்லைப்புறத்தில் இந்த இரட்டைத்தன்மை பயனும் தருகிறது. தமிழிலும் மலையாளத்திலும் அறிவிப்பு வேண்டியிருந்ததால், வரவேற்புப் போனில் இரண்டு எண்களை வைத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் அதற்குரிய மொழியின் ஒலிக்கோப்பைக் கொடுத்தோம். எந்த எண்ணில் அழைப்பு வருகிறதோ அந்த மொழியில் காத்திருக்கச் சொல்கிறது.

மூணாற்றுக்கு ஜி.729-இல் இசையை அனுப்பிப் பார்த்தோம். பேச்சுக்காக வடிவமைக்கப்பட்ட அந்தக் கோடெக்கில் நாதஸ்வரம் கேட்கச் சகிக்கவில்லை. இப்போது இசைக்கோப்பை மூணாற்று ரவுட்டரின் ஃபிளாஷிலேயே வைத்து, 239.1.1.1 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே ஒலியோட்டத்தைப் பலரும் கேட்கும்) முகவரியில் அங்கேயே ஜி.711-இல் ஒலிக்கச் செய்கிறோம்; சர்வரின் ஒலி மலையேறாதபடி அது எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வரம்பிடும் ஹாப் எண்ணிக்கை 1 என்று வைக்கப்பட்டிருக்கிறது. இதற்கு ஒலிக்கோப்பு, சர்வர், குரூப் ஆகிய மூன்று இடங்களிலும் மல்டிகாஸ்ட் குறியிட வேண்டும். மூன்றாவது இடம்தான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

எம்டிபி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வங்கிக்கு அழைத்து எண்களை அழுத்தினால் எதிர்ப்பக்கம் ஏற்கவில்லை என்றால், இரு பக்கமும் அந்த எண் ஒலிகளை அனுப்பும் முறை பொருந்தவில்லை என்று பொருள்; இடையே எம்டிபி வேண்டும். அதற்காக வெளி இணைப்பான சிப் (SIP) டிரங்கில் எம்டிபி கட்டாயம் என்று குறியிட்டுவிட்டால், அந்த டிரங்கின் எல்லா அழைப்புகளும் தேவையில்லாமல் அதன் வழியே சுற்றும். தேவைப்படும்போது தானே இணைத்துக்கொள்ள விடுவதே மேல்.

எல்லாம் சரியாக இருந்தும் கான்ஃபரன்ஸ் மறுக்கப்படும் ஒரு நிலை எங்களைப் போன்ற எல்லைப்புறத்தாருக்கு உண்டு. கஞ்சிக்கோட்டின் வெளி லைனில் வந்தவரையும் பொள்ளாச்சியின் வெளி லைனில் வந்தவரையும் ஒன்றாகச் சேர்த்தால், இந்தியத் தொலைத்தொடர்பு விதிகளை முன்னிட்டு வைக்கப்பட்ட லாஜிக்கல் பார்ட்டிஷனிங் என்ற தடுப்பு அமைப்பு அதைத் தடுக்கும். கஞ்சிக்கோடு இருக்கும் கேரளமும் பொள்ளாச்சி இருக்கும் தமிழ்நாடும் வெவ்வேறு தொலைத்தொடர்பு வட்டங்கள். பிரிட்ஜில் இடம் இருக்கிறது, கோடெக்கும் பொருந்துகிறது, மறுப்பு மட்டும் வருகிறது என்றால், மீடியா ரிசோர்ஸ் பக்கத்தை மூடிவிட்டு எந்த லைன் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று குறிக்கும் ஜியோலொகேஷன் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம்.