செராமிக்கா மெட்டலா, செயற்கை இடுப்பு மூட்டு எதனால கெட்டுப்போகுது

அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாத்தணும்னு சொன்னதுலேருந்து சைதாப்பேட்டை வீட்ல இதே பேச்சுதான். செயற்கை மூட்டுன்னா ஒரு கிண்ணத்துக்குள்ள சுத்துற பந்து, அதுல மெட்டல் பந்து மெட்டல் கிண்ணத்துலயே உரசுனா கோபால்ட், குரோமியம் துகள் உதிர்ந்து ரத்தத்துலயும் கலக்குது, சில பேருக்கு சுத்தியிருக்குற சதையே செத்துப்போயி எலும்பு அரிச்சு மூட்டு லூசாயிடுது, டெப்யூ கம்பெனியோட ஏஎஸ்ஆர்ங்கிற மெட்டல் மூட்டு மாடல 2010 ஆகஸ்ட்ல உலகம் பூரா வாபஸ் வாங்குனாங்களே, நிறைய பேருக்கு சீக்கிரமே மறு ஆபரேஷன் தேவைப்பட்டதாலதான்.

செராமிக், அதாவது பீங்கான் மாதிரி பொருள், தேய்மானம் ரொம்ப கம்மி. ஆனா வளைஞ்சு குடுக்காது, கிண்ணம் கோணலா உக்காந்து விளிம்புல இடிச்சா விரிசல் விடலாம், சிலருக்கு நடக்குறப்ப எண்ணெய் போடாத கதவு கீல் மாதிரி கீச்சு கீச்சுனு சத்தம் வேற. உடைஞ்சா சில்லு சில்லா பொறுக்கணும், மிச்சம் இருந்தா புது மூட்டையும் அறுத்துடும். இப்ப வர்ற அலுமினா, சிர்கோனியா கலந்த செராமிக் உடையறது அபூர்வம், அதனால அம்மாவுக்கு செராமிக் பந்தும் பாலிஎத்திலீன்ங்கிற பிளாஸ்டிக் கிண்ணமும்தான் சரின்னு எனக்கு படுது.