எலத்தகிரி கிறிஸ்துமஸ் பெட்டி: கேக்கை விடுங்கள், கலகலா வாங்குங்கள்

பிளம் கேக் அரை கிலோ, கலகலா என்கிற பொரித்த மாவுச் சுருள் கால் கிலோ, அச்சு முறுக்கு, கச்சாயம் என்கிற அதிரசம், ரவா லட்டு. எல்லாம் ஒரே பெட்டியில் 850 ரூபாய். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் எலத்தகிரியில் வீட்டிலேயே செய்து விற்கும் ஓர் அம்மாவிடம் போன டிசம்பரில் வாங்கினேன். பெயரையும் நம்பரையும் போடவில்லை. "வாட்ஸப்ல புதுசா ஆள் சேர்த்தா என்னால சமாளிக்க முடியாது ணா" என்று அவரே சொல்லிவிட்டார். ஊருக்குள் போய்க் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். பழைய கத்தோலிக்க ஊர், டிசம்பர் பிறந்துவிட்டால் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கும்.

நான் புளி மண்டி வைத்திருப்பவன், கிறிஸ்தவன் இல்லை. எங்கள் தெருவில் இருந்த ஒரு குடும்பம் வருடா வருடம் பண்டிகைக்கு முதல் நாள் தட்டு அனுப்பும், பொங்கலுக்கு நாங்கள் திருப்பி அனுப்புவோம். அவர்கள் பெங்களூரு போய்விட்டார்கள். நாக்கு மட்டும் பழகிவிட்டதே, அதனால் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை.

முதலில் கலகலா. மைதாவில் கொஞ்சம் ரவை சேர்த்து, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, சூடான வெண்ணெய் விட்டுப் பிசைந்த மாவு. பெட்டி வாங்கப் போன அன்று கூடத்தில் பேப்பர் விரித்து வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கோலிக்குண்டு அளவு மாவை முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால், கீழே வரிவரியாகப் பதிந்து தானாகவே சுருண்டு வருகிறது. அந்த அம்மாவின் மாமியார் மட்டும் கரண்டியைத் தொடவில்லை, புதுச் சீப்பு ஒன்றில்தான் உருட்டினார். "கரண்டில போட்டா வரி ஆழமா வராது தம்பி" என்றார். வரி எதற்கு என்றால், பொரித்த பிறகு சர்க்கரைப் பாகில் புரட்டும்போது பாகு அந்தப் பள்ளங்களில் போய் உட்காரும். வழவழப்பாக இருந்தால் பாகு நிற்காது, ஆறியதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். வாங்கி வந்த கலகலாவில் சீப்பு வரி எது, கரண்டி வரி எது என்று பார்த்தாலே தெரிந்தது. சீப்பு வரிதான் ருசி, கிழவி சொன்னது சரி. கடித்தால் நறுக்கென்று உடைகிறது, உள்ளே மாவு வாடை இல்லை, தேங்காய்ப்பால் மணம் கடைசியில் வருகிறது. எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக்கி மூடி வைத்தேன். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் மொறுமொறுப்பு போகவில்லை. குடிலைக் கலைக்கும் வரை பலகாரம் தாங்க வேண்டும் என்பதுதான் அந்த வீட்டுக் கணக்காம்.

கச்சாயமும் தரம். எங்கள் பக்கம் தீபாவளிக்குச் சுடுவதுதான், அங்கே கிறிஸ்துமஸுக்கும் சுடுகிறார்கள். இதில் நான் கொஞ்சம் கறார். வெல்லம் எங்கே வாங்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன். கடத்தூர் சந்தை வெல்லம் என்றார். 2004-ல் தருமபுரியிலிருந்து எங்கள் மாவட்டத்தைப் பிரித்துவிட்டார்கள், வெல்லத்துக்கு மட்டும் இன்னும் அந்தப் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. வெல்லக்கட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், அடர்ந்த பழுப்பு. பளிச்சென்று மஞ்சளாக மின்னினால் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்திருப்பார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்து, பாகில் கிளறிப் புளிக்க வைத்துத்தான் சுடுகிறார். ஓரம் முறுகலாகவும் நடுவில் மெத்தென்றும் இருந்தது. ஏலக்காய் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

அச்சு முறுக்கில்தான் எனக்கு மனக்குறை. சுடும் பக்குவத்தில் குறையே இல்லை. அச்சை எண்ணெயிலேயே கிடத்தி நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால்வாசி மட்டும் முக்கி எடுக்கிறார். மாவு அச்சின் மேல்பக்கம் ஏறிவிட்டால் முறுக்கு கழன்று விழாது. பூப்போல வந்திருந்தது, எள் அளவாக இருந்தது. ஆனால் அதைக் கொண்டுபோய்க் கச்சாயத்துக்குப் பக்கத்தில், நடுவில் ஒரு காகிதம்கூட வைக்காமல் அடுக்கியிருக்கிறார். கச்சாயத்தின் எண்ணெயும் ஈரமும் ஏறி, மறுநாளே முறுக்கு நமத்துப்போனது. இவ்வளவு பாடுபட்டுச் சுட்டுவிட்டு ஐந்து ரூபாய் கவரில் கஞ்சத்தனம் பார்க்கலாமா? போனில் சொன்னேன், "அடுத்த தடவை தனியா போட்டுத் தரேன் ணா" என்றார்.

ரவா லட்டு ரவா லட்டுதான்.

இனி கேக். பெட்டியில் விலை கூடியது அதுதான், தனியாக வாங்கினால் அரை கிலோ 350. திராட்சை, பேரீச்சை, முந்திரியைத் திராட்சைச் சாற்றில் ஊறவைக்கிறார், ரம் கிடையாது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, வீட்டில் குழந்தைகள் சாப்பிட வேண்டும். டூட்டி ஃப்ரூட்டி என்ற பெயரில் சாயம் போட்ட பப்பாளிக்காயைக் கொட்டாததற்கும் ஒரு சபாஷ். ஆனால் ஈரப்பதத்துக்காக மாம்பழக்கூழ் சேர்க்கிறார். கூழ் ஆலைகள் நிறைந்த ஊர், பெங்களூரா மாம்பழக்கூழ் டின் வருடம் முழுக்கக் கிடைக்கும், யோசனை நல்ல யோசனைதான். கேக்கும் நாலு நாள் காயாமல் இருந்தது. ஆனால் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் மாம்பழம் அமுக்கிவிட்டது. சர்க்கரையைக் கருக்கிச் சேர்க்கும்போது வரும் அந்த லேசான கசப்பு பிளம் கேக்குக்கு வேண்டும், அது துளிகூட இல்லை. மாம்பழ ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு என்னை யாரும் திட்டக்கூடாது. என் மனைவிக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இதே விலைக்குக் கிருஷ்ணகிரி பேக்கரிகளிலேயே இதைவிட நல்ல பிளம் கேக் கிடைக்கும். கலகலாவை அப்படி எந்த பேக்கரியிலும் நான் பார்க்கவில்லை. அந்த வீட்டில் ஒவ்வொன்றாகக் கையால்தான் சுருட்டுகிறார்கள். காசு கொடுப்பதென்றால் அந்தக் கைவேலைக்குக் கொடுக்கலாம்.

பெட்டி மேல் செய்த தேதியும், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணும் ஒட்டியிருக்கின்றன. வீட்டுப் பலகாரம்தானே என்று அலட்சியமாக விடாமல் பதிவு வாங்கியிருக்கிறார். பொரிப்பது ரீஃபைண்ட் எண்ணெயில். செக்கு எண்ணெயில் சுட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன், வாசம் மாறிவிடும் என்று மறுத்துவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை, நாமேதான் போய் வாங்க வேண்டும். நட்சத்திரம் கட்டும் நாளிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டால் அந்த வீட்டில் போனை யாரும் எடுப்பதில்லை. பெட்டியாகக் கேட்காமல் தனித்தனியாகக் கேட்டாலும் தருகிறார், கலகலா கால் கிலோ 120. பாகில் புரட்டியது வேண்டுமா, புரட்டாதது வேண்டுமா என்று கேட்பார். புரட்டியதையே வாங்குங்கள். கச்சாயத்துக்குத் தனி டப்பா கையோடு எடுத்துப் போய்விடுங்கள்.