பயர்பாக்ஸ் கன்டெய்னர்: தடுப்பு உண்டு, பூட்டு கிடையாது

கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். கடையின் இன்ஸ்டாகிராம், கடை வாட்ஸப், என் சொந்த வாட்ஸப், என் ஃபேஸ்புக், அண்ணன் அவ்வப்போது வந்து திறக்கும் ஜிமெயில் எல்லாம் அதிலேயே ஓடியாக வேண்டும். ஒன்றிலிருந்து வெளியே வந்து இன்னொன்றில் நுழைவது, நுழைந்ததும் ஓடிபி கேட்பது, அந்த ஓடிபி அண்ணன் போனுக்குப் போவது, அண்ணன் போனை எடுக்காதது... தெரிந்த கதைதான். இதற்கு நான் வைத்திருப்பது, பயர்பாக்ஸ் பிரவுசரைத் தயாரிக்கும் மொசில்லாவே 2017-இல் வெளியிட்ட 'மல்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ்' ஆட்-ஆன், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள். காசு கிடையாது. ஆனால் பயர்பாக்ஸில் மட்டும்தான் ஓடும், அதுவும் கம்ப்யூட்டரில்தான்; போனில் இல்லை.

நாம் யாராக உள்ளே நுழைந்திருக்கிறோம் என்பதை ஒரு தளம் பெரும்பாலும் குக்கீயை (தளம் நம் பிரவுசரில் போட்டு வைக்கும் சிறு குறிப்பு) வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. கன்டெய்னர் செய்வதெல்லாம் அந்தக் குக்கீகளையும் தளம் பிரவுசரில் சேமிக்கும் மற்றதையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான். அதனால் ஒரே ஜன்னலில், பக்கத்துப் பக்கத்து டேபில், ஒரே தளத்தின் இரண்டு கணக்குகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருக்கும். எனக்கு இது அதிகம் உதவுவது வாட்ஸப் வெப்பில். இந்த டேபில் கடை நம்பர், அந்த டேபில் என் நம்பர், இரண்டுக்கும் ஒரு முறை க்யூஆர் ஸ்கேன் செய்தால் முடிந்தது. (போனில் 14 நாள் வாட்ஸப்பைத் திறக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும். அது வாட்ஸப்பின் விதி, கன்டெய்னரைத் திட்டிப் பயனில்லை.)

புது டேப் திறக்கும் கூட்டல் குறியை அழுத்திப் பிடித்தால் கன்டெய்னர் பட்டியல் விழும். பர்சனல், ஒர்க், பேங்கிங், ஷாப்பிங் என்று நான்கு முதலிலேயே இருக்கும், பெயரையும் நிறத்தையும் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் கடைக்கு ஆரஞ்சு, எனக்கு நீலம் வைத்திருக்கிறேன். டேபில் அந்த நிறத்தில் ஒரு கோடு தெரியும், முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் கன்டெய்னரின் பெயரும் இருக்கும். கமென்ட் போடும் முன் கண் தானாக அந்தக் கோட்டுக்குப் போய்விடுகிறது.

இன்காக்னிட்டோ (மூடியதும் தடயம் அழிந்துபோகும் பிரைவேட் ஜன்னல்) போதாதா என்று கேட்பவர்களுக்கு: எத்தனை இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்தாலும் எல்லாவற்றுக்கும் குக்கீ பொதுதான், ஆகவே கூடுதலாக ஒரு கணக்கு கிடைக்கும், அவ்வளவே, எல்லாவற்றையும் மூடினால் அதுவும் போச்சு. தளங்களே தரும் கணக்கு மாற்றும் வசதியும் எனக்கு ஒத்துவரவில்லை. ஜிமெயிலில் பல கணக்குகளை அடுக்கினால் முதலில் நுழைந்த கணக்குதான் பெரியண்ணன், டிரைவ் லிங்க் ஒன்றைச் சொடுக்கினால் பெரும்பாலும் அதில்தான் போய் நின்று உங்களுக்கு அனுமதி இல்லை என்னும். ஒன்றிலிருந்து மட்டும் வெளியேறலாம் என்று சைன் அவுட் கொடுத்தால் அந்த பிரவுசரில் இருக்கும் எல்லாக் கணக்கும் சேர்ந்து வெளியேறும்.

எரிச்சல்களும் உண்டு. இந்தத் தளத்தை எப்போதும் இந்தக் கன்டெய்னரில் திற என்று கட்டி வைக்கலாம், பேங்க் தளத்துக்கு அருமை. ஆனால் ஒரு தளத்தை ஒரு கன்டெய்னரோடுதான் கட்ட முடியும். இன்ஸ்டாகிராமைக் கடையோடு கட்டிவிட்டு நீலத்தில் திறந்தால், எதில் திறக்கட்டும் என்று ஒரு பக்கம் குறுக்கே வந்து நிற்கும். இரண்டு கணக்கு இருக்கும் தளத்தைக் கட்டாமல் விடுவதே நல்லது. அப்புறம், கன்டெய்னர் மாறினாலும் ஐபி முகவரி (நம் இணைய இணைப்பின் எண்) அதேதான், ஆள் மாறிவிட்டதாகத் தளம் ஏமாந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் வேறு. இது ஒரே ஆளின் பல கணக்குகளுக்கான சாமான், பல ஆட்கள் உட்காரும் கம்ப்யூட்டருக்கானது இல்லை. கன்டெய்னருக்குப் பூட்டே கிடையாது. ஹிஸ்டரி, புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு மூன்றும் எல்லாக் கன்டெய்னருக்கும் பொது. முகவரிப் பட்டையில் ஓர் எழுத்து தட்டினால் போதும், அண்ணன் நேற்று எதையெல்லாம் பார்த்தார் என்று வரிசையாக விழும். லாகின் பெட்டியைத் தொட்டால் அந்தத் தளத்துக்குச் சேமித்த எல்லோர் பெயரும் வரும். சேமித்த பாஸ்வேர்டுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பிரைமரி பாஸ்வேர்டு போட்டு வைக்கலாம்தான், ஆனால் ஒரு தடவை கொடுத்துவிட்டால் பயர்பாக்ஸை மூடும்வரை திறந்தே கிடக்கும்.

குரோம் பிரவுசரில் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளும் புரொஃபைல் இந்த மூன்றையும் பிரித்துவிடும், எக்ஸ்டென்ஷனைக்கூட (ஆட்-ஆனுக்கு அங்கே அதுதான் பெயர்) பிரிக்கும். அந்த வகையில் அது ஒரு படி மேல். ஆனால் அங்கேயும் புரொஃபைல் படத்தைச் சொடுக்கினால் யார் வேண்டுமானாலும் யாருடைய புரொஃபைலுக்கும் போகலாம். நம்பிக்கையானவர்களோடு மட்டும் கம்ப்யூட்டரைப் பகிருங்கள் என்று கூகுளே சொல்கிறது. நிஜமாகப் பூட்டு வேண்டுமென்றால் விண்டோஸில் ஆளுக்கொரு யூசர் போட்டு, எழுந்து போகும்போது விண்டோஸ் கீயோடு எல் தட்டிப் பழக வேண்டியதுதான். ராம் குறைவான பழைய மெஷினில் இரண்டு யூசரும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் முனகும், பரவாயில்லை.

அண்ணனுக்கும் கடைப் பையனுக்கும் இப்போது தனித்தனி யூசர். கன்டெய்னர் என் யூசரில் மட்டும், அதற்கு நான் தரும் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.